வீட்டுக்கும் ஒரு தீர்மானப் புத்தகம்

பங்குனி மாதத்தின் பிற்பகுதியில் எந்தக் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றாலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். செயலாளரின் மேசைமீது பேரேடுகள் அடுக்கப்பட்டிருக்கும். நெசவாளர் சங்கமாயின், கிடங்கிலுள்ள சிட்டா நூலையும் விற்பனைக்கு நிற்கும் துணிகளையும் ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொண்டிருப்பார். வேளாண்மைச் சங்கமாயின், உர மூட்டைகளும் விதைப் பைகளும் எண்ணப்படும். கணக்கு எழுதுவதற்குக் கணிப்பொறி வந்துவிட்டது என்றாலும், இருப்பை எண்ணுவதற்கு இன்றும் கையும் கண்ணுமே வேண்டியிருக்கின்றன.

முன்னாளில் கூட்டுறவு ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30-ஆம் தேதி முடிந்தது. இப்போது ஏப்ரல் முதல் தேதி தொடங்கி மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. அது முடிந்த இரண்டு வாரங்களில் சித்திரை பிறக்கிறது. அன்று வணிகர்கள் ஏட்டின் மூலையில் மஞ்சள் தடவிப் புதுக்கணக்குத் தொடங்குகிறார்கள். தென் மாவட்டங்களில் உழவர்கள் பொன்னேர் பூட்டுகிறார்கள். புதுக்கணக்குத் தொடங்குமுன் பழைய கணக்கை முடித்தாக வேண்டும் என்பது வணிகர் அனைவரும் அறிந்த விதி.

சங்கத்தைக் கணக்கு முடிக்கும்படி சட்டம் பணிக்கிறது. தணிக்கையாளர் வந்து கேட்கிறார். அங்கத்தினரின் இல்லத்தைக் கணக்கு முடிக்கச் சொல்வார் எவருமில்லை. ஆகவே சங்கத்தின் ஐந்தொகை ஆண்டுதோறும் அச்சாகிறது. அங்கத்தினர் இல்லத்தின் ஐந்தொகையோ ஒருமுறையேனும் எழுதப்படுவதில்லை. புத்தாண்டுப் பிறப்பன்று நாமும் தீர்மானங்கள் செய்துகொள்ளத்தான் செய்கிறோம். "இனிமேல் கடன் வாங்குவதில்லை", "இனிமேல் சிக்கனமாக இருப்பது" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறோம். வைகாசி முகூர்த்தம் வந்ததும் அவை போன இடம் தெரிவதில்லை. காரணம், நம் உறுதி குறைந்தது என்பதன்று. அத்தீர்மானங்களுக்குப் பின்னால் கணக்கு இல்லை என்பதே.

சங்கம் ஆண்டு முடிவில் நான்கு காரியங்களைச் செய்கிறது. இருப்பை எடுக்கிறது, ஐந்தொகையைத் தயாரிக்கிறது, பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் செய்கிறது, முந்திய தீர்மானங்களின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைப் படிக்கிறது. இந்த நான்கையும் நம் இல்லங்களிலும் எவ்வாறு செய்வது என்பதே இம்மாதப் பாடம்.

1. இருப்பு எடுத்தல்

ஓர் ஆண்டின் முதல் இருப்பு பணமன்று, நாள்கள். 365 நாள்களும் எங்கே போயின என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நினைவை மட்டும் நம்பினால் இக்கேள்விக்குச் சரியான விடை கிடைக்காது. நினைவு பெரியவற்றைப் பிடித்துக்கொண்டு சிறியவற்றை விட்டுவிடும் இயல்புடையது.

ஒரு தறி உள்ள நெசவாளர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக விளங்கும்பொருட்டுச் சில எண்களை நாமே வைத்துக்கொள்ளலாம். அக்குடும்பத்தாரைக் கேட்டால், "சென்ற ஆண்டு மழை எங்களைக் கெடுத்தது, தறிக்குழியில் நீர் ஊறிவிட்டது" என்பார்கள். அது உண்மையே. ஐப்பசி, கார்த்திகையில் 25 நாள்கள் தறி நின்றது. அமாவாசை, திருவிழா, உறவினர் திருமணம் என்று 20 நாள்கள் போயின. ஆண்டில் 20 பாவுகள் நெய்தார்கள். பாவு ஒன்றுக்கு 12 நாள்கள் வீதம் 240 நாள்கள். இவற்றைக் கூட்டினால் 285 நாள்களே வருகின்றன. எஞ்சிய 80 நாள்கள் எங்கே?

ஒரு பாவு தீர்ந்து மறு பாவு தறியேறுவதற்கு இடையில் நான்கு நாள்கள் கழிகின்றன. பாவு தீர்ந்த பிறகே சங்கத்திற்குச் செல்வதனால் அடுத்த பாவும் ஊடையும் கைக்கு வர இரண்டு நாள்கள். அச்சுப் பிணைப்பவரை அழைத்து வந்து வேலையை முடிக்க ஒரு நாள். தார் சுற்றி ஆயத்தம் செய்ய ஒரு நாள். நான்கை இருபதால் பெருக்கினால் 80. மழை எடுத்துக்கொண்ட நாள்களைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட நாள்களை இந்தக் காத்திருப்பு எடுத்துக்கொண்டது. மழை ஒரே வீச்சில் வந்ததனால் நினைவில் நின்றது. காத்திருப்பு நான்கு நான்கு நாள்களாக வந்ததனால் கண்ணில் படவில்லை.

இந்த 80 நாள்களைப் பற்றி இரண்டு உண்மைகளைச் சொல்ல வேண்டும். நூல் வழங்குவதில் தாமதம் நேர்ந்தால் அது சங்கத்தின் பொறுப்பு. அதனைப் பொதுக்குழுவில் எழுந்து கேட்பது அங்கத்தினரின் உரிமை. ஆனால் பாவு தீர்வதற்கு ஒரு வாரம் முன்னதாகச் சங்கத்திற்குச் சொல்லி வைப்பதும், ஓய்ந்த மாலைகளில் தார் சுற்றி வைப்பதும் நம் பொறுப்பு. நான்கு நாள்கள் இரண்டாகக் குறைந்தால் ஆண்டில் 40 நாள்கள் மிஞ்சும். சங்கத்தில் வேலை இருக்குமாயின், ஏறக்குறைய மூன்று பாவுகளைக் கூடுதலாக நெய்ய அது போதுமானது.

உழவரும் இதே வழியில் நாள்களை எண்ணலாம். நாற்றங்கால் விட்ட நாள், நட்ட நாள், முதல் களை, ஒவ்வொரு முறையும் உரமிட்ட நாள், அறுவடை, நெல் விற்ற நாள், பணம் கைக்கு வந்த நாள் ஆகிய இவற்றைக் குறித்து வைத்திருந்தால் ஒரே பார்வையில் பல செய்திகள் புலனாகும். "விளைச்சல் குறைந்துவிட்டது" என்ற பொதுவான வருத்தம், "இரண்டாம் உரம் பத்து நாள்கள் பிந்திவிட்டது, அன்று கையில் பணம் இல்லை" என்ற திட்டமான செய்தியாக மாறும். வருத்தத்திற்கு மருந்தில்லை, திட்டமான செய்திக்கு உண்டு.

2. ஐந்தொகை

நாள்களை எண்ணிய பிறகு பணத்தை எண்ணலாம். ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்து, ஒருபுறம் நமக்கு உள்ளவற்றையும் மறுபுறம் நாம் கொடுக்க வேண்டியவற்றையும் எழுத வேண்டும். உள்ளவை: சங்கத்தில் பங்குத் தொகை, சேமநிதி, வைப்புத் தொகை, தறி, கறவை மாடு, நகை, வரவேண்டிய கூலி. கொடுக்க வேண்டியவை: சங்கக் கடன், நகைக் கடன், மளிகைக் கடைப் பாக்கி, உரக்கடைப் பாக்கி, சீட்டுப் பணம், கைமாற்று.

இவற்றுள் கைமாற்றுத்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அது எந்த ஏட்டிலும் இல்லை. கொடுத்தவர் மனத்திலும் வாங்கியவர் மனத்திலும் மட்டுமே இருக்கிறது. ஆனால் வட்டியோ நாள் தவறாமல் ஓடுகிறது. "நூற்றுக்கு மூன்று வட்டி" என்று காதில் விழும்போது அது சிறிய எண்ணாகத் தோன்றுகிறது. மாதத்திற்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36 என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தால்தான் அதன் சுமை தெரியும். இவ்வட்டிக்கு வாங்கிய 10,000 ரூபாய்க்கு ஆண்டில் 3,600 ரூபாய் வட்டியாகப் போகிறது. ஆண்டுக்கு 7 சதவிகித வட்டிக்கு 50,000 ரூபாய் கடன் பெற்றவர் செலுத்தும் வட்டியோ 3,500 ரூபாய்தான். பத்தாயிரத்தின் வட்டி ஐம்பதாயிரத்தின் வட்டியைவிட அதிகம்! எக்கடனை முதலில் தீர்ப்பது என்ற கேள்விக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆயினும் பெரிய தொகையைக் கண்டு அஞ்சி, சிறிய தொகையைக் கவனியாமல் விடும் வழக்கமே எங்கும் காணப்படுகிறது.

பயிர்க் கடன் பெற்றுள்ள அங்கத்தினர் மற்றொன்றையும் கருத வேண்டும். தமிழ்நாட்டில் 2009-10 முதல், உரிய தவணைக்குள் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் திருப்பிச் செலுத்துவோரின் வட்டியை அரசே ஏற்கும் முறை வந்தது. தவணைத் தேதிக்குள் செலுத்துபவருக்கு அசல் மட்டுமே செலவு. தேதி தவறியவர் அச்சலுகையை இழக்கிறார். வட்டி அவர் தலையில் ஏறுகிறது. மேலே கண்ட 50,000 ரூபாய்க் கடனில் இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு 3,500 ரூபாய். அபராத வட்டி தனி. தை மாதத்தில் நெல் விற்ற பணம் கையில் இருந்தும், காதணி விழாவுக்கு முதலில் செலவிட்டு, தவணையைத் தள்ளிப்போட்டவர்கள் பலர். அவ்விழாவின் செலவில் சாப்பாடு, பந்தல், புடவை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். தவறிய தவணையினால் வந்த வட்டி எழுதப்பட்டிராது. அதுவும் விழாச் செலவே அன்றோ?

தவணை தவறுவதனால் வரும் இழப்பு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. நம் கிராமச் சங்கம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிடம் பெற்றே நமக்குக் கடன் தருகிறது. மாவட்ட வங்கிக்கு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி துணை நிற்கிறது. அதற்கு 1982-இல் தோன்றிய தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி மறுநிதி அளிக்கிறது. இது ஒரு வாய்க்கால் போன்றது. கடைமடையிலிருந்து பணம் திரும்பாவிட்டால் தலைமடையில் மதகு இறங்கும். அடுத்த பருவத்தில் கடன் கேட்டு நிற்கும் அண்டை வீட்டுக்காரர், தாம் ஒரு தவணையும் தவறாதவராயினும், வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

வராத கேட்டுக்காகச் செய்யும் செலவையும் ஐந்தொகையில் பார்க்க வேண்டும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் உழவர் செலுத்தும் பங்கு காரிப் பருவத்தில் 2 சதவிகிதம், ராபிப் பருவத்தில் 1.5 சதவிகிதம் என்று வகுக்கப்பட்டது. 30,000 ரூபாய்க்குக் காப்புறுதி பெற 1.5 சதவிகிதம் என்றால் 450 ரூபாய். முன்னர்ப் பயிர்க் கடன் பெற்றோர் அனைவரும் இதில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். 2020 காரிப் பருவம் முதல் இது அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. கட்டாயம் இருந்தபோது பிறர் நினைவில் வைத்திருந்த கடைசித் தேதியை இப்போது நாமே நினைவில் வைக்க வேண்டியதாகிறது.

3. தீர்மானம்

இனித் தீர்மானத்திற்கு வருவோம். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் அதன் அமைப்பை அறிவார்கள். தீர்மானத்திற்கு எண் உண்டு, தேதி உண்டு. எவ்வளவு தொகை, எந்த நிதியிலிருந்து, யார் பொறுப்பில், எந்தத் தேதிக்குள் என்பவை எழுதப்பட்டிருக்கும். ஒருவர் முன்மொழிந்திருப்பார், ஒருவர் வழிமொழிந்திருப்பார். "சங்கம் இனி நன்றாக நடைபெற வேண்டும்" என்று ஒரு தீர்மானம் எழுதினால் தணிக்கையாளர் அதனை ஏற்பாரா? "இனிச் சிக்கனமாக இருப்பது" என்ற நம் தீர்மானமும் அத்தகையதே.

இத்தொழிலுக்கே உரிய பழைய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில், கூலி உயர்வுக்கான முயற்சி பலிக்காத நிலையில், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமான 28 பேர் ஒன்றுகூடினார்கள். "நம் வறுமை தீர வேண்டும்" என்று அவர்கள் தீர்மானித்திருந்தால் அவர்களை இன்று எவரும் அறிந்திருக்கமாட்டார்கள். வாரம் இரண்டு பென்னி சேமிப்பது, பிறகு அதனை மூன்று பென்னியாக உயர்த்துவது என்று எண்ணோடு தீர்மானித்தார்கள். 28 பவுன் திரண்டது. 1844 டிசம்பர் 21-ஆம் தேதி, வெண்ணெய், சர்க்கரை, மாவு முதலிய சில பண்டங்களோடு தங்கள் கடையைத் திறந்தார்கள். கணக்கை அடிக்கடி அங்கத்தினர் முன் வைக்க வேண்டும் என்பதையும் விதியாக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டின் முடிவில் அங்கத்தினர் 74. நிதி 181 பவுன். விற்பனை 710 பவுன். 60 ஆண்டுகளுக்குப் பிறகு, 1904-இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் நம் மாநிலத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. அதனைத் தொடர்ந்து வந்த ஆயிரக்கணக்கான சங்கங்களும் சிறு தொகையைத் தேதி தவறாமல் செலுத்தும் பழக்கத்தின் மீதே நிற்கின்றன. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். சேமிப்பையும் அளந்தே போட வேண்டும்.

தீர்மானத்தையும் விருப்பத்தையும் பிரித்தறிவது முக்கியம். நல்ல மழை பெய்ய வேண்டும் என்பது விருப்பம். ஆடிக்குள் வரப்பை உயர்த்தி வாய்க்காலைத் தூர் வாருவது தீர்மானம். நூல் விலை இறங்க வேண்டும் என்பது விருப்பம். நெய்த துணியில் குறை நேர்ந்து கூலி பிடிக்கப்படாதவாறு அச்சையும் விழுதையும் பாவு ஏற்றுமுன் சரிபார்ப்பது தீர்மானம். நம் கைக்கு எட்டாதவற்றைத் தீர்மானமாக எழுதினால் ஆண்டு முடிவில் மனம் சோர்வதே மிச்சம்.

ஒரு நெசவாளர் இல்லத்தின் தீர்மானங்கள் இவ்வாறு இருக்கலாம்:

தீர்மானம் 1. மூன்று வட்டிக் கைமாற்று 10,000 ரூபாயை, ஆடிப் பதினெட்டுக்குள் 5,000, தீபாவளிக்குள் 5,000 என இரு தவணைகளில் தீர்ப்பது. முதல் தவணை நிறுத்தி வைக்கும் சீட்டுப் பணத்திலிருந்து. இரண்டாம் தவணை தீபாவளிக் காலக் கூலியிலிருந்து.

தீர்மானம் 2. பாவு தீர்வதற்கு ஒரு வாரம் முன்னதாகச் சங்கத்தில் தெரிவிப்பது. பொறுப்பு: மூத்த மகன்.

தீர்மானம் 3. ஒவ்வொரு முறை கூலி பெறும்போதும் சேமநிதிப் பிடித்தம் பாஸ் புத்தகத்தில் பதிவாகியுள்ளதா என்று பார்ப்பது.

உழவர் இல்லமாயின், "அறுவடைப் பணத்தில் முதற் செலவு பயிர்க் கடன் தவணையே" என்பது முதல் தீர்மானமாக இருக்கட்டும். தவணைத் தேதியைத் தினக் காலண்டரில் குறிப்பதோடு, அதற்கு ஒரு மாதம் முந்திய தேதியிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தீர்மானங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். மிகப் பல எழுதினால் எதுவும் நிறைவேறாது.

இத்தீர்மானங்களை வழிமொழிய வேண்டியவர் யார்? இல்லத்தின் தலைவியே. தார் சுற்றுவதும் பாவுக்குத் துணை நிற்பதும் அவர். நாற்று நடுவதும் களை எடுப்பதும் அவர். ஆயினும் சங்கக் கடன் எவ்வளவு, சேமநிதி எவ்வளவு என்று அவருக்குச் சொல்லப்படாத இல்லங்கள் மிகப் பல.

ஒரு நெசவாளர் சங்கத்திற்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த நாளில், கணவரை இழந்து மூன்று மாதங்களான ஓர் அம்மையார் வந்தார். சங்கத்திற்கு எவ்வளவு கடன் கட்ட வேண்டும் என்று கேட்பதற்காகவே கணவரின் பாஸ் புத்தகத்தை எடுத்து வந்திருந்தார். எழுத்தர் கணக்கைப் பார்த்தார். கடன் சிறிதளவே இருந்தது. சேமநிதியிலோ அதைப்போலப் பல மடங்கு சேர்ந்திருந்தது. மகளின் திருமணத்திற்கென்று கணவர் எவரிடமும் சொல்லாமல் காத்து வந்த தொகை அது. அச்செய்தியைக் கேட்டு அவர் மகிழவில்லை. சற்று நேரம் பேசாமல் நின்றார். "இது இருக்கிறதென்று தெரிந்திருந்தால் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போயிருப்பேனே, ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அக்கணவர் ஊதாரியல்லர், சிக்கனமும் அன்பும் உடையவர். அவருடைய தீர்மானத்தில் தொகை இருந்தது, நோக்கமும் இருந்தது. வழிமொழிவதற்கு ஆள் இல்லை. ஆகவே, இவ்வாண்டுக் கணக்கைக் கணவனும் மனைவியும் ஒரே தாளில் எழுதுங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். பங்குத் தொகைக்கும் வைப்புக்கும் வாரிசு நியமனம் செய்யப்பட்டுள்ளதா என்பதையும் அன்றே சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. நடவடிக்கை அறிக்கை

தீர்மானம் எழுதுவதோடு காரியம் முடிவதில்லை. அடுத்த கூட்டத்தில் அதனைப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் படித்தால் பிழையைத் திருத்தக் காலம் இராது. ஆகவே மூன்று நாள்களைக் குறித்துக்கொள்ளலாம்: ஆடிப் பதினெட்டு, தீபாவளிக்கு அடுத்த வாரம், தைப் பொங்கலுக்கு அடுத்த வாரம். எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள்கள் இவை. தீர்மானத் தாளை எடுத்து ஒவ்வொன்றின் எதிரிலும் "நிறைவேறியது" அல்லது "நிறைவேறவில்லை" என்று எழுத வேண்டும்.

நிறைவேறாத தீர்மானத்தைக் கண்டு நாணித் தாளைக் கிழித்துவிடலாகாது. சங்கம் அவ்வாறு செய்வதில்லை. "நிறைவேறவில்லை, காரணம் இன்னது, அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதி மேலே செல்கிறது. ஆடித் தவணை 5,000 ரூபாயில் 3,000 மட்டுமே கட்ட முடிந்ததென்றால், 2,000 பாக்கி என்று எழுதுங்கள். பாக்கி என்று எழுதப்பட்ட தொகைக்கு ஒரு நாள் வழி பிறக்கும். எழுதப்படாத தொகை வட்டியாக வளரும்.

தம் வீட்டின் ஐந்தொகையை எழுதப் பழகியவர் சங்கத்தின் ஐந்தொகையையும் படிக்கத் தெரிந்தவராகிறார். பொதுக்குழுவில் அச்சிட்ட கணக்கைக் கையில் பெற்றதும் அதனை மடித்துச் சட்டைப் பையில் வைக்கமாட்டார். "தவணை தவறிய கடன் சென்ற ஆண்டைவிடக் கூடியதேன்? விற்காத துணி எத்தனை மாதங்களாக நிற்கிறது? காப்பு நிதிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று எழுந்து கேட்பார். அத்தகைய அங்கத்தினர் பத்துப் பேர் இருக்கும் சங்கத்தில் ஆய்வாளர்க்கு வேலை குறைவு.

வரும் சித்திரை முதல் நாளன்று, ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் நாள்களின் கணக்கு, இரண்டாம் பக்கத்தில் ஐந்தொகை, மூன்றாம் பக்கத்தில் மூன்று தீர்மானங்கள். கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் கையொப்பம். பாஸ் புத்தகம் இருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். அந்தப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்பதும் வீட்டில் இருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.